எந்த ஒரிஜினல், தம்பி?



இது நீளமான பதிவு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள். முதல் பத்தியோடு 'அருமை சார்' என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பறக்கும் தட்டின் போட்டோவைப் போட்டிருந்தேன். நானும் என் தங்கை பேரனும் சேர்ந்து செய்தது. பையன் ஜெர்மனியில் படிக்கிறான். பன்னிரண்டு வயது. விடுமுறைக்கு வந்திருந்தான். அவனுடைய அப்பாவின் நண்பர் யாரோ பிறந்த நாளுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் மாடல் கிட் அது. பெட்டியைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். மூன்று வாரம் திண்ணையில் உட்கார்ந்து செய்து முடித்தோம்.

போட்டோவுக்குக் கீழே நிறைய வாழ்த்துகள். எல்லோருக்கும் நன்றி. ஆனால் மூன்று பேர் எழுதியதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்திருக்கிறது.

முதலாமவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இன்று பொறியாளர். அவரும் மாடல் செய்கிறவர். 'சார், மாடல் சூப்பர். ஆனா கலர் தப்பு. ஒரிஜினல் கரும்பச்சை. அடியில பீரங்கிக் கூண்டு இருக்கணும், காணோம். கறுப்புச் சிலுவைச் சின்னமும் ஒட்டலை. அக்யூரசி போயிடுச்சே சார்' என்று எழுதியிருந்தார். 'எந்த ஒரிஜினல், தம்பி?' என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: 'ஹானெபு சார். ஹிட்லர் காலத்துல ஜெர்மன்காரங்க செஞ்சது. 1943.'

இரண்டாமவர் என் மைத்துனர். 'அத்தான், அந்த டெக்னாலஜியே நம்ம வைமானிக சாஸ்திரத்துல இருந்து ஜெர்மன்காரன் தூக்கிட்டுப் போனதுதான்.' கூடவே ஒரு வீடியோ.

மூன்றாமவர் என் அண்ணன் மகள். 'சித்தப்பா, ஒரு பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு வாதம்? விடுங்களேன்.'

விட மாட்டேன் அம்மா. மூவருக்கும் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. பெட்டியின் மேல் ஒரு படம். மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு தட்டு வருகிறது. உடம்பில் போர்க்கால ஜெர்மன் விமானங்களின் கறுப்புச் சிலுவை. அடியில் பீரங்கி. உள்ளே பாகங்களோடு ஒரு தாள். பையன் ஜெர்மனில் படித்து எனக்குத் தமிழில் சொன்னான்: 'தாத்தா, போர் நடந்தப்போ ஜெர்மனியில விண்வெளிக்குப் போற தட்டு செஞ்சாங்க. ரொம்ப வேகமாப் போகும். அப்புறம் போர் முடிஞ்சிருச்சு.'

'செஞ்சாங்களா, செஞ்சாங்களாமா?' என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. வெளிநாட்டில் வளரும் பிள்ளை. விளக்கினேன். நம் மொழியில் 'ஆம்' என்று ஒன்று இருக்கிறது. 'மழை பெய்தது' என்றால் நான் பார்த்தேன், பொறுப்பு என்னுடையது. 'மழை பெய்ததாம்' என்றால் யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. ஓர் ஊர்க்கதையை அப்படியே வைத்துக்கொண்டு, அதே சமயம் உண்மையையும் காப்பாற்ற நம் பாட்டிமார்களுக்கு இந்த ஒரு 'ஆம்' போதுமாக இருந்தது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்.' பாட்டி ஒருநாளும் 'இருந்தார்' என்று சொன்னதில்லை.

பையன் தாளைத் திரும்பப் பார்த்தான். 'இதுல ஆம் இல்ல தாத்தா' என்றான்.

என் புகார் முழுவதும் அவ்வளவுதான். இனி விவரம்.

இது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 2018இல் ரெவெல் என்ற பெயர்பெற்ற ஜெர்மன் மாடல் நிறுவனம் இதே 'ஹானெபு 2' தட்டை 69 பாகங்கள் கொண்ட கிட்டாக விற்றது. விண்வெளியில் பறக்கக்கூடிய உலகின் முதல் கலம், மணிக்கு 6000 கிலோமீட்டர் வரை வேகம் என்றெல்லாம் விவரக் குறிப்பு. ஜெர்மன் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. டிரெஸ்டனில் உள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தின் வரலாற்றாளர், அப்படி ஒரு கலம் இருந்ததே இல்லை என்று சுட்டிக்காட்டினார். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு கிட்டை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. நாங்கள் செய்தது வேறொரு கம்பெனியின் கிட். பெயர் வேண்டாம். கதை மட்டும் அதேதான்.

பொறியாளர் தம்பி, இப்போது உங்கள் ஒரிஜினலைத் தேடுவோம்.

1943இல் இப்படி ஒரு தட்டு இருந்திருந்தால் அதன் வரைபடமோ, உலோகத் துண்டோ, சம்பளப் பட்டியலோ, ஏதாவது ஒன்று கிடைத்திருக்க வேண்டும். போர் முடிந்ததும் அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் ஜெர்மன் ஆராய்ச்சிக்கூடங்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ராக்கெட் கிடைத்தது. ஜெட் விமானம் கிடைத்தது. ராக்கெட் செய்த ஆட்களே கிடைத்தார்கள். தட்டு கிடைக்கவில்லை.

'பறக்கும் தட்டு' என்ற சொல்லே போருக்குப் பிறகு பிறந்தது. 1947 ஜூன் 24ஆம் தேதி கென்னத் அர்னால்டு என்ற அமெரிக்கர் தன் சிறு விமானத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் போகும்போது ஒன்பது விசித்திரப் பொருள்களைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல அவை பறந்தன என்று விவரித்தார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கிவிட்டன. குளத்தில் நாம் ஓட்டாஞ்சில்லு விடுவோமே, அதைப் பார்த்து ஒருவர் சொன்ன உவமையிலிருந்து ஒரு வாகனம் முளைத்துவிட்டது.

1947இல் சொல் பிறந்தது. 1950இல்தான் முசோலினி காலத்து முன்னாள் அமைச்சர் ஜுசெப்பே பெல்லுட்ஸோ, பிறகு ருடால்ஃப் ஷ்ரீவர் என்ற ஜெர்மன்காரர் என்று ஒவ்வொருவராக 'அது எங்கள் போர்க்கால வேலை' என்று பத்திரிகைகளில் சொல்லத் தொடங்கினார்கள். ஊரில் ஒரு பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததும் நாலு பேர் 'நான்தான் டியூஷன் எடுத்தேன்' என்று கிளம்புவதில்லையா, அப்படி. ஹானெபு என்ற பெயரோ அதற்கும் வெகு பின்னால், 1980கள் 90களில் வந்த மர்மப் புத்தகங்கள் வழியாகப் பரவியது.

சரி, பெட்டியில் போட்டிருக்கும் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது? மேலே குமிழ், சுற்றிலும் வட்டச் சன்னல்கள், அடியில் பந்துபோல் உருண்டைகள். ஜார்ஜ் அடாம்ஸ்கி என்பவர், 1952இல் எடுத்த வெள்ளிக்கிரகக் கலம் என்று சொல்லி ஒரு புகைப்படம் வெளியிட்டார். அந்த வடிவம்தான் இது. அந்தப் படத்தில் இருப்பது விளக்கு மூடி போன்ற ஏதோ சாமானை வைத்து ஒட்டியது என்று அப்போதிருந்தே சந்தேகித்தார்கள். ஆக, தம்பி, நீங்கள் தேடும் ஒரிஜினல் அநேகமாக இன்னொருவர் வீட்டில் செய்த மாடல்!

வேகத்தையும் பார்த்துவிடுவோம். மனிதர் ஓட்டிய விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியது உறுதியானது 1947 அக்டோபரில். மணிக்கு 6000 கிலோமீட்டரை ஒரு விமானம் தாண்டியது 1961இல், எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானம். அதற்குக் காற்றின் உராய்வுச் சூட்டைத் தாங்கத் தனி உலோகக் கலவை தேவைப்பட்டது. 1943இல் ஒரு தட்டு, அதுவும் காற்றைக் கிழிக்க மூக்கே இல்லாத தட்டு, இத்தனையையும் ஓசைப்படாமல் செய்துவிட்டுக் காணாமல் போனதாம். பாருங்கள், நான் 'ஆம்' போட்டுவிட்டேன்.

வட்ட விமானம் யாரும் முயலவே இல்லையா என்றால், முயன்றார்கள். ஜெர்மனியிலேயே ஆர்தர் ஸாக் என்ற விவசாயி வட்ட இறக்கை வைத்த ஒரு மாடல் விமானத்தை 1939இல் லைப்சிக்கில் நடந்த மாடல் விமானப் போட்டிக்குக் கொண்டுபோனார். அது தானாகத் தரையிலிருந்து எழும்பவில்லை. கையால் வீசித்தான் பறக்கவிட்டார்கள். பிறகு ஆள் உட்காரும் அளவில் ஒன்று செய்தார். 1944இல் ஓடுபாதையில் ஓடிப் பார்த்தது, சிறு குதி குதித்தது, சரியாகப் பறக்கவில்லை. அதைப் பாருங்கள், எவ்வளவு அழகான உண்மை! ஒரு விவசாயி, ஒரு மாடல், ஒரு தோல்வி. கனடாவில் அவ்ரோ நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக அவ்ரோகார் என்று அசல் தட்டே செய்தது. குறுக்களவு சுமார் ஐந்தரை மீட்டர். 1959இல் எழும்பியது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மேல் போனால் தட்டாமாலை சுற்றிய பிள்ளைபோல் தள்ளாடியது. வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். நம்ம டவுன் பஸ் முந்திவிடும். 1961இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். செய்த இரண்டும் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. போய்த் தொட்டுப் பார்க்கலாம். இதற்குத்தான் தம்பி ஒரிஜினல் என்று பெயர்.

'அப்படியானால் கற்பனைத் தட்டையே செய்யக்கூடாதா சார்?' என்று கேட்பீர்கள். செய்ய வேண்டும். அவசியம் செய்ய வேண்டும். நான் கற்பனைக்கு விரோதியில்லை. கற்பனை என்று சொல்லிக்கொண்டு வருகிற தட்டுகளில் இருக்கும் நாணயத்தைப் பாருங்கள்.

1956இல் 'ஃபர்பிடன் பிளானட்' என்ற படம். அதில் தட்டில் வருகிறவர்கள் நாம், பூமி மனிதர்கள்! அந்த சி-57டி கலத்துக்கு கிட் உண்டு. 1965 முதல் 1968 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரின் ஜூபிடர் 2 தட்டுக்கும் பல கிட்கள் வந்துள்ளன. அதன் ரசிகர்கள் அரை நூற்றாண்டாக ஒரு சண்டை போடுகிறார்கள். தொடரில் காட்டும் இரண்டு மாடி உட்புறம் வெளியே தெரியும் ஓட்டுக்குள் அடங்காது! எங்கே இடிக்கிறது, எத்தனை அடி குறைகிறது என்று அளவுநாடாவோடு உட்கார்ந்து வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. படப்பிடிப்புக்குச் செய்த மாடலும் செட்டும் உண்மையில் இருந்தன. கற்பனைக் கலத்துக்குக்கூட அளந்து பார்க்க ஒரிஜினல் இருக்கிறது. 'வரலாற்று'த் தட்டுக்கு இல்லை. இந்த வேடிக்கையை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்களில் பலருக்குப் பிடித்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மில்லேனியம் ஃபால்கனும் ஒருவகைத் தட்டுதான். அதன் உடம்பு முழுவதும் குழாயும் பெட்டியுமாக நெருக்கமாக இருக்குமே, அவை எங்கிருந்து வந்தன தெரியுமா? படத்துக்கு மாடல் செய்தவர்கள் கடையில் டாங்கு, விமானம், கார் கிட்களை மூட்டையாக வாங்கி, உடைத்து, பாகங்களைத் தங்கள் இஷ்டத்துக்கு ஒட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் டாங்கின் பாகம் விண்கலத்தின் தோலாக மாறியது. அவர்கள் போரை எடுத்துக் கதை செய்தார்கள். ஹானெபு பெட்டிக்காரர்கள் கதையை எடுத்துப் போர் வரலாறு செய்கிறார்கள். கை வேலை ஒன்றுதான். போகும் திசை வேறு.

நாங்களும் முதல் திசையில்தான் போனோம். கிட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிள்ளையின் பிறந்தநாள் பரிசு. 'மாற்றிச் செய்வோமா?' என்றேன். அவன் கண் விரிந்தது.

முதல் நாள் பாகங்களையெல்லாம் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். அச்சிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பாகத்தைக் கையால் முறிக்கக்கூடாது, கட்டரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பசை தடவுவதற்கு முன் பாகங்களைச் சும்மா பொருத்திப் பார்க்க வேண்டும். மாடல் பசை ஒட்டும் பசை இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குவது. தப்பாக வைத்துவிட்டால் பிரிக்க முடியாது.

தட்டு மாடலில் உயிர்நாடி விளிம்பு. மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் அந்த வட்டக் கோடு. விமானத்தில் இணைப்புக் கோடு அடிவயிற்றில் மறைந்துவிடும். தட்டில் கண்ணுக்கு நேரே நிற்கும். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, பட்டி பூசி, ஈர உப்புத்தாளில் தேய்த்தோம். தேய்த்துக் கண்ணை மூடி விரலால் தடவு என்றேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். நான்கு முறை பட்டி, நான்கு முறை தேய்ப்பு. மூன்றாவது முறை அவன், 'போதும் தாத்தா, யாருக்கும் தெரியாது' என்றான். 'நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமே' என்றேன். நான்காவது முறை அவனாகவே தேய்த்தான்.

விளக்கு வைத்தது அவன் யோசனை. வெள்ளை எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி. நேராகக் கொடுத்தால் எரிந்துபோகும். திண்ணையில் சாக்பீஸால் கணக்குப் போட்டோம். எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 6. மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். ஆறைப் புள்ளி பூஜ்யம் இரண்டால் வகுத்தால் 300 ஓம். அடுத்த கடைச் சரக்கு 330 ஓம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று. முதலில் பொருத்தியபோது ஓடு முழுவதுமே ஒளிர்ந்தது, பழுத்த பூசணிக்காய்போல. மெல்லிய பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசியும். விளக்குகளைப் பிடுங்கி, உட்புறம் முழுவதும் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்தோம். பிறகுதான் வெளிச்சம் சன்னல் வழியாக மட்டும் வந்தது.

பீரங்கிக் கூண்டு வரவேண்டிய ஓட்டையை மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழால் மூடி ஒரு சன்னல் ஆக்கினோம். தீர்ந்த பேனா மூடிகள் புகைபோக்கி. பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்கள் அவன் சொன்னபடி 'காற்று வாங்கும் எந்திரம்'. கறுப்புச் சிலுவை ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் ஊறப்போடவே இல்லை. நிறம் என்ன என்றேன். சமையலறையை எட்டிப் பார்த்தான். 'தோசைக்கல் கலர்' என்றான். அப்படித்தான் உங்கள் கண்ணை உறுத்திய அந்தக் கறுப்பு வந்தது, பொறியாளர் தம்பி. விளிம்பில் மட்டும் கொஞ்சம் பழுப்பு, தீய்ந்த மாவுபோல. பெயரும் தோசைக்கல்-1.

இதில் அக்யூரசி போயிற்றா? அளவெடுத்துப் பாருங்கள். அவன் மனதிலிருந்த தோசைக்கல்லுக்கும் திண்ணையிலிருக்கும் தோசைக்கல்லுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

இப்போது மைத்துனருக்கு.

நீங்கள் சொல்லும் வைமானிக சாஸ்திரம், சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918 முதல் 1923 வரை வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டது. அதிலுள்ள விமானப் படங்களை பெங்களூரில் ஒரு வரைவாளர் 1923இல் வரைந்தார். 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐந்து பேர் அதை எடுத்து வரிவரியாகப் பரிசோதித்தார்கள். நூல் 1904க்கு முற்பட்டதல்ல, அதில் சொல்லியபடி செய்தால் எந்த விமானமும் பறக்காது என்று முடிவு சொன்னார்கள். சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம் விமானப் பொறியியல் பேராசிரியர்கள். பறக்கும் தட்டையும் விமானங்களையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துப் பிரபலமாக்கியதில் 1953இல் வந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எழுதியவர்கள் டெஸ்மண்ட் லெஸ்லியும், மேலே சொன்ன விளக்கு மூடிப் புகழ் அடாம்ஸ்கியும். நம் பெருமைக்கு அவர்தானா சாட்சி?

புஷ்பக விமானம் பெரிய கற்பனை. அப்படிக் கற்பனை செய்த மனத்தைக் கொண்டாடுங்கள், நானும் கை தட்டுகிறேன். அதை ஜெர்மன்காரன் திருடிய எஞ்சின் ஆக்கும்போது கவிஞனின் கையிலிருந்து அதைப் பிடுங்கி மெக்கானிக் ஷெட்டில் போட்டுவிடுகிறீர்கள். அதுவும் ஓடாத எஞ்சினாக.

கடைசியாக அண்ணன் மகளுக்கு. 'பொம்மைதானே' என்றாய்.

அம்மா, பெட்டியில் சொன்ன விஷயத்தில் உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. விண்வெளியைத் தொட்ட முதல் மனிதப் படைப்பு உண்மையிலேயே ஜெர்மனியில் அந்தப் போரின்போதுதான் செய்யப்பட்டது. தட்டு அல்ல, வி-2 ராக்கெட். 1944 ஜூனில் 170 கிலோமீட்டருக்கு மேல் எழும்பியது. அதை யார் செய்தார்கள்? நார்ட்ஹௌசன் ஊருக்கு அருகே மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலை. மிட்டல்பாவ்-டோரா என்ற வதைமுகாமின் கைதிகள். 60,000 பேர் அந்த முகாம் வழியாகப் போனார்கள். ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். பசியில், நோயில், அடியில். வேலையைக் கெடுத்தார்கள் என்ற சந்தேகத்தில் சுரங்கத்துக்குள்ளேயே, மற்றவர்கள் பார்க்க, தூக்கில் போட்டார்கள். அந்த ராக்கெட் விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்து இறந்தவர்கள் அதிகம்.

இப்போது பெட்டியைப் பார். மேகம், பளபளப்பு, மர்மம், மேதைமை. கைதி இல்லை. பிணம் இல்லை. 'ஐயோ, போர் சீக்கிரம் முடிந்துவிட்டதே, இல்லாவிட்டால் என்னவெல்லாம் செய்திருப்பார்கள்' என்று ஒரு குழந்தை ஏங்கும்படி எழுதியிருக்கிறது. என் பேரப்பிள்ளையின் குரலில் அந்த ஏக்கத்தை நான் கேட்டேன். 'அப்புறம் போர் முடிஞ்சிருச்சு' என்று அவன் சொன்னபோது அதில் ஒரு வருத்தம் இருந்தது. அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்தக் கதையால் யாருக்கு லாபம் என்று தெரிய வேண்டுமா? 1970களில் கனடாவிலிருந்து நாஜித் தட்டுகளைப் பற்றிப் புத்தகம் போட்டு விற்றவர் எர்ன்ஸ்ட் சுண்டல். யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று வாழ்நாள் முழுவதும் பிரசாரம் செய்தவர். அதற்காக 2007இல் ஜெர்மன் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. நடக்காத தட்டை நடந்ததாகச் சொன்ன அதே வாய், நடந்த கொலையை நடக்கவில்லை என்று சொன்னது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இருப்பதையும் இல்லாததையும் பிரிக்கும் கோட்டை ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும்.

தடை செய்யச் சொல்கிறேனா? இல்லை. மாடல் செய்கிறவர்கள் போர் விமானம், டாங்கு எல்லாம் செய்கிறார்கள். செய்யட்டும், அவை இருந்தவை. ஹானெபுவும் செய்யட்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'கற்பனை' என்று போடட்டும். அதைச் சொல்ல ஒரு சொட்டு மை போதும்.

இவ்வளவு பேசிவிட்டு என் கணக்கையும் தீர்க்க வேண்டும். உங்களில் பலர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்கள். 'சந்திரனிலிருந்து பார்த்தாலும் தெரியும் ஒரே கட்டடம் சீனப் பெருஞ்சுவர்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வருடா வருடம் போட்டேன். நான் படித்த புத்தகத்தில் இருந்தது; பயிற்சிப் பள்ளியிலும் அப்படித்தான் சொன்னார்கள். அது தவறு. நீளமான சுவர்தான், ஆனால் அகலம் சில மீட்டர். சந்திரனிலிருந்து தெரிய வழியே இல்லை. 2003இல் விண்வெளிக்குப் போய்த் திரும்பிய சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றிவந்த உயரத்திலிருந்தே தனக்குச் சுவர் தெரியவில்லை என்று சொன்னார். அதைப் பேப்பரில் படித்த அன்று என் வயிற்றில் ஏதோ செய்தது. அடுத்த நாள் அந்த வருடத்துப் பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னேன். ஆனால் அதற்கு முன் படித்துப் போன நீங்கள்? உங்களிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருந்தால் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்.

நம்பி எழுதியவனுக்கே இவ்வளவு சங்கடம் என்றால், தெரிந்தே பெட்டியில் அச்சடிக்கிறவனை எப்படி விடுவது?

பையன் ஊருக்குப் போய்விட்டான். பேட்டரி தீராமல் இருக்க வாரம் ஒருமுறை மட்டும் விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. மாடலுக்குக் கீழே ஒரு மரப்பலகை. அதில் அவன் தன் கோணல் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறான்: 'தோசைக்கல்-1. இது எங்கயும் பறக்கல. நானும் தாத்தாவும் செஞ்சோம்.' மூன்று வாக்கியமும் உண்மை. எழுத்துப்பிழையும் இல்லை. நூற்றுக்கு நூறு போட்டேன்.

பொறியாளர் தம்பி, கோபம் இல்லையே? அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். விளிம்பில் தெற்குப் பக்கம் ஓரிடத்தில் பட்டி சரியாக உட்காரவில்லை. அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற எல்லோருக்கும் வீட்டுப்பாடம் ஒன்று. இன்று இரவு குடும்பக் குழுவில் எதையாவது ஃபார்வேர்டு செய்யும்போது, கடைசியில் ஒரு 'ஆம்' சேர்த்து அனுப்புங்கள். 'கண்டுபிடித்துவிட்டார்களாம்.' 'குணமாகிவிடுமாம்.' 'நம்மவர்கள்தான் முதலில் செய்தார்களாம்.' சேர்த்த பிறகும் அனுப்பத் தோன்றினால் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்